புறப்பட்ட நேரம்

அவரை ஊரில் எல்லோரும் பூட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். பூட்டுக்கடை வைத்திருந்தார் என்பது பாதிக் காரணம். ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அந்த மண்டையை எவராலும் திறக்க முடியாது என்பது மீதிப் பாதி. அவரைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு அவர் மனைவிக்குச் சாவி என்று பெயர் விழுந்தது. அந்தச் சாவியும் பத்துக்கு எட்டுத் தடவை சும்மா சுற்றுமே தவிர, திறக்காது.

அவர் செய்த பூட்டைத் திறக்க வந்த திருடன் ஒருவன் மூன்று நாள் வாசலிலேயே உட்கார்ந்து, தாடி வளர்ந்து, கடைசியில் அவரிடமே வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று சொல்வார்கள். வேலைக்குச் சேர்ந்தது உண்மை. தாடியும் உண்மை. மூன்று நாள் என்பதை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

பூட்டு அவருக்குத் தொழில். உயிர் புறாவில் இருந்தது. மொட்டைமாடியில் பலகையும் கம்பிவலையும் அடித்து, ஆள் நிமிர்ந்து நிற்கிற உயரத்துக்குக் கூண்டு கட்டியிருந்தார். தரையில் மரத்தூள், சுவரோரம் ஜோடிக்கு ஒரு பெட்டி, மூலையில் சோளமும் பட்டாணியும் கலந்த தகர டப்பா. வாசலில் அவரே செய்த கம்பிக் கதவு. வெளியிலிருந்து புறா முட்டினால் கம்பி உள்ளே சாய்ந்து வழிவிடும். உள்ளிருந்து முட்டினால் அசையாது. கம்பி சாய்ந்ததும் மேலே கட்டியிருக்கும் சின்ன மணி அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் வாயில் வைத்த கவளத்தோடு எழுந்து மாடிக்கு ஓடுவார்.

"நான் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில கிடந்தப்பகூட இந்த மனுஷன் இவ்வளவு வேகமா படி ஏறல" என்பாள் சாவி.

புறா எங்கே சொன்னாலும் கடிதம் கொண்டுபோகும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அதெல்லாம் போகாது. எங்கே கொண்டுபோய் விட்டாலும் தன் வீட்டுக்குத் திரும்பி வரும். அதற்குத் தெரிந்த விலாசம் அது ஒன்றுதான். அதனால் உங்களுக்குச் சேதி வேண்டுமானால், உங்கள் வீட்டுப் புறா அனுப்புகிறவர் கையில் முன்கூட்டியே இருக்க வேண்டும். பூட்டின் ஒரே மகள் கையில் எப்போதும் மூன்று இருந்தன. அவள் புருஷன் ஏரிக்கு அக்கரையில் மதகுக் காவலர். ஷட்டரை ஏற்றுவதும் இறக்குவதும் அவர் வேலை. அங்கே தண்ணீர்த்தொட்டி மேல் ஏறி நின்றால் செல்போனில் ஒரு கோடு வரும், இறங்கினால் போய்விடும். ஆகவே மகள் அப்பா வீட்டுக்கு வந்து திரும்பும்போதெல்லாம் ஒரு கூடையில் மூன்று புறாவோடு போவாள். காலில் பச்சை நூல் வந்தால் எல்லாம் நலம். சிவப்பு நூல் வந்தால் உடனே கிளம்பி வா. கூடவே ஒரு துண்டுச் சீட்டு. அதில் வேறு எதை எழுத மறந்தாலும் புறா புறப்பட்ட நாளையும் நேரத்தையும் எழுத மறக்கக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை.

நேரம் எதற்கு? வேகம் கணக்குப் போடத்தான். நடுவில் முப்பது கிலோமீட்டர் தண்ணீர். "இருபத்தெட்டு நிமிஷம்!" என்று சீட்டை டீக்கடை பெஞ்சில் விரித்து வைப்பார். "உன் மகள் என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டால், "அதை வீட்டுல படிச்சுக்கலாம், நேரத்தைப் பாருய்யா" என்பார்.

மகளுக்கு இது இரண்டாவது பிரசவம். முதலாவதில் ரத்தம் நிற்காமல் போய்ப் பிழைத்ததே பெரிது, குழந்தை தங்கவில்லை. இந்த முறை வலி வந்த பிறகு கிளம்பக் கூடாது, இருபது நாள் முன்னாலேயே இக்கரைக்கு வந்துவிட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கடைசியாக வந்து திரும்பியபோது அவளுக்கு எட்டாம் மாதம். கூடையை எடுத்துக்கொண்டு பூட்டு மாடிக்குப் போனார். சாவியும் மகளும் பின்னால் போனார்கள்.

"போன தடவை போன சின்னதுங்களையே குடுங்க" என்றாள் சாவி. "ஒழுங்கா வந்து சேர்ந்துச்சே."

"எது, மந்தமா?" பூட்டு சிரித்தார். மந்தம் என்பது ஒரு சாம்பல் நிறக் குஞ்சு. பறப்பதைவிட யோசிப்பதில் அதிக நேரம் போக்கும். "அது சிவப்பு நூலோட வந்து சேர்றதுக்குள்ள பிள்ளை ஸ்கூலுக்குப் போயிடும். என் பேரப்பிள்ளை சேதி மேஜர் கால்லதான் வரணும்."

மேஜர், ரயில், கருப்பழகி. அவரிடம் இருந்ததில் உசத்தி இந்த மூன்றும்தான். மேஜர் கிளம்பின வேகத்தில் ஒருமுறை தன் நிழலைப் பின்னால் விட்டுவிட்டு வந்ததாகவும், நிழல் அரைமணி கழித்துத் தனியாக வந்து சேர்ந்ததாகவும் டீக்கடையில் பேச்சு.

"அதுங்க பழைய வீட்டுல பொறந்ததாச்சேப்பா" என்றாள் மகள்.

கேட்கவேண்டிய கேள்விதான். நான்கு மாதத்துக்கு முன்புவரை அவர்கள் குடியிருந்தது ஊரின் மறுகோடியில், இன்னொருவர் வீட்டு மாடியில். அந்த வீட்டுக்காரரைச் சுத்தம் என்பார்கள். கைகுலுக்கினால் உடனே போய்க் கை கழுவுகிற ஆள். தண்ணீர்த்தொட்டி மூடியில் புறா எச்சம் கிடந்தது என்று சண்டை போட்டுக் காலிசெய்ய வைத்துவிட்டார். புது வீட்டு மாடியில் பிறந்த குஞ்சுகளுக்குப் புது வீடுதான் வீடு. பழசுகளை இடம் மாற்றுவது லேசில்லை. மூன்றையும் இரண்டு மாதம் வெளியே விடாமல் அடைத்து, ஜோடி சேர்த்து, முட்டையிட வைத்து, அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்தார். கடைத்தெருவிலிருந்து விட்டுப் பார்த்தார், வந்தன. ரயில்வே கேட்டிலிருந்து விட்டார், வந்தன. ஏரிக்கு அப்பாலிருந்து மட்டும் விட்டுப் பார்க்கவில்லை. முட்டைமேல் உட்கார்ந்த புறா எங்கே போய்விடும் என்று நினைத்தார்.

"அதுங்க பழசை மறந்து ரெண்டு மாசமாச்சு. எனக்கே அந்த வீட்டுக்கு வழி மறந்துபோச்சு" என்றார். பூட்டு விழுந்துவிட்டது. மூன்றும் கூடைக்குள் போயின.

மகள் இக்கரைக்கு வர இன்னும் நான்கு நாள் இருந்தபோது அந்த மழை பிடித்துக்கொண்டது. திங்கட்கிழமை, ஏரியைச் சுற்றி அக்கரைக்குப் போகிற சாலையில் இருந்த பாலம் போயிற்று. அன்று சாயங்காலமே செல்போன் கோபுரமும் சாய்ந்தது. மதகடியில் கட்டியிருந்த சின்னப் படகையும் வெள்ளம் அடித்துப்போயிருக்கும் என்று இக்கரையில் இருந்தவர்கள் கணக்குப் போட்டார்கள். இனி அக்கரைக்குப் போவதென்றால் படகுக்காரரின் மோட்டார் படகு ஒன்றுதான். அவரோ தாழ்வான தெருக்களில் கூரைமேல் ஏறி நின்றவர்களை இறக்கிக்கொண்டிருந்தார்.

பூட்டு இடுப்பளவு தண்ணீரில் நின்று அவரைப் பிடித்தார்.

"நூல் வந்தா சொல்லுண்ணே" என்றார் படகுக்காரர். "எதையும் போட்டுட்டு வர்றேன். சும்மா போய்ப் பார்த்துட்டு வர முடியாது. ஏரி முழுக்க மரம் மிதக்குது."

நியாயமாகத்தான் பட்டது. பூட்டு மாடிக்குப் போய்க் கூண்டுக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, சாக்கைத் தலையில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். செவ்வாய் போயிற்று. மணி அடிக்கவில்லை. "அடிக்கலைன்னா வலி வரலைன்னு அர்த்தம்" என்று கீழே பார்த்துச் சொன்னார். சாவி மகளின் துணிகளை ஒரு பையில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

புதன்கிழமை காலை பத்து மணிக்குப் படகுக்காரரே வாசலுக்கு வந்தார். மழை சற்று விட்டிருந்தது.

"அண்ணே, மரமெல்லாம் ஒரு பக்கமா ஒதுங்கியிருக்கு. இப்ப விட்டா மறுபடி வழி கிடைக்குமான்னு தெரியாது. போயிட்டு வந்துடவா?"

சாவி பையைக் கையில் எடுத்துவிட்டாள். பூட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"நூல் வரலியே தம்பி."

"வரலைன்னா என்னண்ணே, போய்க் கூட்டிட்டே வந்துடலாமே."

"எட்டு மாசத்துக்காரியை இந்தத் தண்ணியில எதுக்கு அலைக்கழிக்கணும்? மேஜர் இருக்கான். வலின்னா இருபத்தெட்டாவது நிமிஷம் எனக்குத் தெரியும். நீ அந்தக் கூரைமேல இருக்கிற ஜனங்களைப் பாரு."

"ஏங்க..." என்றாள் சாவி.

"உனக்குப் புறாவைப் பத்தி என்ன தெரியும்?"

படகுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். அன்றைக்கு அந்தத் தெருவில் எல்லோரும் பூட்டைப் புகழ்ந்தார்கள். சொந்த மகள் அக்கரையில் இருக்க, படகை ஊருக்கு விட்டுக்கொடுத்த மனுஷன் என்றார்கள். அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை முழுக்க மணி அடிக்கவில்லை. சாயங்காலம் அவர் முதல்முறையாக நாள் கணக்குப் பார்த்தார். எட்டு மாதத்துக்காரி என்று அவர் சொன்னாரே தவிர, விரலை மடக்கிப் பார்த்தால் ஒன்பதாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. வலி வராவிட்டாலும் ஒரு பச்சை நூலாவது அனுப்பியிருக்க மாட்டாளா? பாலம் போனது அவளுக்கும் தெரியுமே, அப்பா தவிப்பார் என்று தெரியாதா? பருந்து அடித்திருந்தால்? மூன்றையுமா அடிக்கும்? கூடையே வெள்ளத்தில் போயிருந்தால்? கூடை போயிருந்தால் கூடை வைத்த வீடு? எழுந்து கம்பிக் கதவை விரலால் தள்ளிப் பார்த்தார். சாய்ந்தது. மணி அடித்தது. கீழேயிருந்து சாவி மூச்சிரைக்க ஓடிவந்தாள். அவர் விரலைப் பார்த்தாள். இறங்கிப் போனாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

வெள்ளிக்கிழமை காலை சாவி ரொட்டி வாங்கப் போனாள். அடுத்த தெருவில் இருக்கிற கடைக்குப் போனவள் ஒரு மணிநேரமாகியும் வரவில்லை. வந்தபோது கையில் ரொட்டி இல்லை. படியில் பாதி ஏறி, கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள்.

"என்னங்க, நான் எங்க போய் நின்னேன் தெரியுமா?"

"எங்க?"

"பழைய வீட்டு வாசல்ல. மகளையே நினைச்சுக்கிட்டு நடந்தேன். கால் பாட்டுக்கு அங்க கொண்டுபோய் விட்டுடுச்சு. கதவைத் தட்டப் போயிட்டேன், அப்புறம்தான் சுரணை வந்துச்சு. நாலு மாசத்துக்கு மேலாச்சு, இன்னும் என் காலு..."

அவள் முடிக்கவில்லை. பூட்டு ஸ்டூலிலிருந்து எழுந்த வேகத்தில் அது உருண்டு சுவரில் மோதியது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முப்பது வருஷத்தில் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே எண்ணம் வந்தது அன்றைக்குத்தான்.

அரைமணி நடக்கிற தூரத்தை எப்படிக் கடந்தார்கள் என்று இருவருக்கும் பிறகு ஞாபகம் இல்லை. பூட்டு ஒரு காலில் செருப்பில்லாமல் போய்ச் சேர்ந்தார். சுத்தம் வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார்; மழையிலும் கழுவுகிற ஆள்.

"மாடிச் சாவி குடுங்க! என் புறா மேல இருக்கா?"

"உம்ம புறாவா? மூணு நாளா குனுகிக்கிட்டுக் கிடக்குது. மறுபடி ஆரம்பிச்சுட்டீரான்னு நானே வந்து சண்டை போடலாம்னு இருந்தேன். சாவி என் மகன்கிட்ட, அவன் வெளியூர்ல."

மாடிக் கதவில் தொங்கியது பூட்டு செய்த பூட்டு. காலிசெய்து போகிற அன்று, வீம்புக்கு அவரே சுத்தத்தின் கையில் கொடுத்துவிட்டுப் போனது. "இனி நானே வந்தாலும் உம்ம மாடிக்கு ஏற முடியாது, செஞ்ச எனக்கே இதைத் திறக்க வராது" என்று சொல்லிக் கொடுத்தது.

மண்டியிட்டார். இடுப்பில் இருந்த கம்பியைப் பூட்டுக்குள் விட்டார். எத்தனையோ பேர் வீட்டுக் கதவைக் கண்ணை மூடிக்கொண்டு திறந்த கைதான். உள்ளே முதல் முள் ஏறிற்று, இரண்டாவது நழுவிற்று. மறுபடி. மறுபடி. கதவுக்கு அந்தப் பக்கம் புறா குனுகுவது கேட்டது. மேஜரின் குரல், ஆயிரத்தில் தெரியும். "வராதுடா, வராது, நான்தானேடா செஞ்சேன் உன்னை" என்று பூட்டைப் பார்த்து அழுதார்.

"தள்ளுங்க" என்றாள் சாவி.

"பொறு, இந்த ரெண்டாவது முள்ளு..."

"பூட்டையே பார்க்காதீங்க, கதவைப் பாருங்க! நிலையைக் கரையான் தின்னு வச்சிருக்கு."

சுத்தம் வாயைத் திறப்பதற்குள் அவள் ஓங்கி உதைத்தாள். கீலோடு நிலை பெயர்ந்து கதவு மறுபக்கம் சாய்ந்தது. பூட்டு பூட்டினபடியே தொங்கியது.

கூண்டு இருந்த இடத்தில் இப்போது கழுவிவிட்ட வெறும் தரை. அந்த வெறும் தரையில், வாசல் இருந்த சரியான இடத்தில், மூன்றும் நனைந்து ஒட்டி உட்கார்ந்திருந்தன. உள்ளே போகக் கதவு எங்கே என்று கேட்பதுபோல் மேஜர் ஒரு அடி முன்னால் வந்து நின்றது. காலில் சிவப்பு.

மேஜரின் சீட்டு மகள் கையெழுத்து. 'அப்பா, வலி ஆரம்பிச்சிடுச்சு. பயப்படாதே. புதன் காலை 7.10.'

ரயிலின் சீட்டு. 'அப்பா, படகு கிளம்பிடுச்சா? வலி ஜாஸ்தியாகுது. புதன் மதியம் 2.'

கருப்பழகி சுமந்தது மாப்பிள்ளை கையெழுத்து. 'மாமா, பிள்ளை பிறந்துடுச்சு. ரத்தம் நிக்கல. மயங்கி மயங்கி விழறா. ஏன் யாரும் வரல? வியாழன் மாலை 5.'

கணக்குப் போடச் சொல்ல வேண்டுமா? வாழ்நாள் முழுக்க அவர் செய்தது அந்தக் கணக்கைத்தான். ஏழு பத்தோடு இருபத்தெட்டு. படகுக்காரர் வாசலில் நின்று போகட்டுமா என்று கேட்டபோது, மேஜர் இந்தத் தரையில் வந்து உட்கார்ந்து இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர் சீட்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். சாவி அதைப் பிடுங்கிப் படித்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தார். அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துப் படியில் இறங்கினாள்.

படகுக்காரர் சொன்ன சொல் தவறவில்லை; ஏற்றியிருந்த மூட்டையை அப்படியே கரையில் தள்ளிவிட்டு மோட்டாரைத் திருகினார். ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த நர்ஸம்மாவுக்கும் இன்னும் ஒருவருக்கும்தான் இடம். திரும்பும்போது படுக்க வைக்க வேண்டுமே.

"நான் போறேன்" என்றாள் சாவி. "நீங்க அந்தச் சின்னதுங்களைக் கொண்டாங்க."

பூட்டு வீட்டுக்கு ஓடி, மந்தத்தையும் இன்னும் இரண்டு குஞ்சுகளையும் கூடையில் போட்டுக் கொண்டுவந்தார். முப்பது வருஷமாகப் புறாவைக் கையால் தொடாதவள், அந்தக் கூடையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள்.

பிறகு மாடி, ஸ்டூல், வானம். படகு போய்ச் சேர இரண்டு மணி நேரம் என்றார்கள், மூன்று என்றார்கள். மதியம் தாண்டிற்று.  தெருக்காரர்கள் வந்து, "நல்லவங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்கள். படகை ஊருக்கு விட்டுக்கொடுத்தவர் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த வார்த்தை ஒவ்வொன்றும் முள்ளாய் ஏறிற்று. புதன்கிழமையைத் திருப்பி வாங்க முடியுமென்றால் கூண்டையே கொளுத்தியிருப்பார்.

நான்கரை மணிக்கு ஏரிப் பக்கத்திலிருந்து ஒரு சாம்பல் புள்ளி வந்தது. மந்தம். மெதுவாக, சாவகாசமாக, மாடியை ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு கூண்டை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டு ஆண்டெனாவில் போய் உட்கார்ந்து இறகைக் கோதத் தொடங்கியது.

காலில் சீட்டு தெரிந்தது. நூல் நிறம் தெரியவில்லை. அசைந்தால் பறந்துவிடும். புறாக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த நரகம் இது: வந்துவிட்டது, ஆனால் உள்ளே வரவில்லை. பூட்டு கல்லாய் உட்கார்ந்து தகர டப்பாவை மெல்லக் குலுக்கினார். "வாடா ராசா. வாடா என் மகராசா. உன்னை மந்தம்னு சொன்ன வாய் அழுகட்டும், வாடா." மந்தம் ஒரு பக்க இறக்கையை முடித்துவிட்டு மறுபக்கத்துக்குப் போனது. அவருக்குக் கண்ணீர் மூக்கு வழியே இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்கவில்லை. பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில் அவருக்குத் தலை நரைத்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். ஏற்கெனவே நரைத்திருந்தது பாதிதான், மீதி அன்றைக்குத்தான்.

மணி அடித்தது.

நூல் சிவப்பு. சீட்டு சாவியின் கோணல் கையெழுத்து. 'பிள்ளை இருக்கு. ஆண். இவளுக்கு உசுரு இருக்கு, கண்ணு திறக்கல. கிளம்பிட்டோம். ஆஸ்பத்திரியில ரத்தம் தயாரா வைக்கச் சொல்லு. கரைக்கு வண்டி வேணும். மணி 3.05. இதையும் எழுதிட்டேன்.'

அவர் ஓடினார். படகு வந்தபோது வண்டி கரையில் நின்றது. டாக்டர் நின்றார். மகளுக்கும் அவருக்கும் ஒரே வகை ரத்தம். ஒரு பாட்டில் எடுத்த பிறகு, "இன்னும் எடுங்க" என்றார். "போதும், நீங்க விழுந்துடுவீங்க" என்றார்கள். "விழட்டும், எடுங்க" என்று கையை மடக்க மாட்டேன் என்றுவிட்டார். நர்ஸ் இருவர் சேர்ந்து மடக்க வேண்டியிருந்தது.

இரண்டு நாள் அவள் கண்ணைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் திறந்தாள். முகம் துவைத்துப் போட்ட துணிபோல் வெளுத்திருந்தது. பக்கத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சாவி. கால்மாட்டில் அப்பா.

மகளின் உதடு அசைந்தது. பூட்டு குனிந்தார்.

"அப்பா... மூணு புறாவும் வந்துச்சா?"

சாவி தலையை நிமிர்த்தி அவரையே பார்த்தாள். எத்தனையோ பேரிடம் எத்தனையோ கதை அளந்த மனுஷன். நிழலைப் பின்னால் விட்டுவிட்டு வந்த புறாவின் கதையைக் கட்டியவரே அவர்தான். இப்போது அவரிடம் இருந்தது ஒரே ஒரு சொல்.

"வந்துச்சும்மா" என்றார்.

மகள் லேசாகச் சிரித்தாள். "எவ்வளவு நேரத்துல?"

அவர் சட்டைப்பையில் இருந்த மூன்று சீட்டுகளையும் துணியோடு சேர்த்து இறுகப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். சாவிதான் மகளின் நெற்றியைத் தடவி, "தூங்கும்மா, அப்பா அப்புறம் கணக்குப் போட்டுச் சொல்வாரு" என்றாள்.

அவர் சொல்லவே இல்லை. அதற்குப் பிறகு டீக்கடை பெஞ்சில் எந்தச் சீட்டையும் விரித்ததும் இல்லை.